காட்டுமன்னார்கோயிலுக்கு வாய்க்கால் மட்டும் போதாது

காட்டுமன்னார்கோயில் விவசாயிகள் கூடும் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் முதல் கேள்வி, 'கீழணையிலிருந்து தண்ணீர் எப்போது வரும்?' என்பதுதான். நியாயமான கேள்வி. காவிரிப் பாசனத்தின் கடைமடை இது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கீழணை வந்து, வடவாறு வழியாக வீராணத்தை எட்டுவதற்குள் பருவம் பாதி ஓடிவிடுகிறது. 2004 முதல் சென்னையின் குடிநீருக்கும் இதே ஏரிதான்.

ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் சம்பாவை அழிப்பது பெரும்பாலும் வறட்சியல்ல, வடியாத தண்ணீர். அதைப் பற்றி வைகாசியில் யாரும் பேசுவதில்லை.

ஊரின் அமைப்பைப் பாருங்கள். தெற்கே கொள்ளிடம், வடக்கே வெள்ளாறு, நடுவே தாழ்ந்த களிமண் பூமி. மேற்கே ஜெயங்கொண்டம் பக்கத்து மேட்டு நிலம். அங்கே பெய்கிற மழை செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வழியாக ஏரிக்குள் பாய்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 10-ஆம் நூற்றாண்டில், வீரநாராயணன் என்ற அவனது பட்டப் பெயரில் இந்த ஏரியை வெட்டியவர்கள் இடம் பார்த்துத்தான் வெட்டியிருக்கிறார்கள். 1836-இல் கீழணை கட்டிய பிறகு கொள்ளிடத்துத் தண்ணீரையும் திருப்பிவிட வழி பிறந்தது. இன்று 47.50 அடியில் 1.465 டி.எம்.சி. கொள்ளளவு, ஏறக்குறைய 45 ஆயிரம் ஏக்கர் பாசனம்.

ஏரி நிரம்பியிருக்கும்போது மேற்கே கனமழை பெய்தால் கரையைக் காப்பாற்ற உபரிநீரைத் திறந்தே ஆக வேண்டும். வடக்கே சேத்தியாத்தோப்பு பக்கம் வெள்ளாற்றிலும், லால்பேட்டையில் வெள்ளியங்கால் ஓடையிலும் விடுவார்கள். ஓடை தாங்காவிட்டால் திருநாரையூர் பக்கத்து வயல்கள்தான் ஏரியாகின்றன. திறந்தவர்களைத் திட்டிப் பயனில்லை. ஓடையும் அதில் சேரும் வடிகால்களும் ஆகாயத்தாமரையாலும் நெய்வேலிக் காட்டாமணக்காலும் அடைபட்டுக் கிடந்தால் தண்ணீர் எங்கே போகும்?

பள்ளக்கால் வயல்காரர்கள் ஆவணிக்குள் விதைக்க முடிந்தால் சி.ஆர்.1009 சப்-1 ரகத்தைப் போடுங்கள். இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் மீண்டு வரும் குணம் அதற்கு உண்டு. 155 நாள் பயிர் என்பதால் காலம் கடந்து விதைத்தால் கடைசியில் தண்ணீருக்குத் தவிக்க நேரும். வெள்ளம் வடிந்ததும் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடச் சொல்கிறோம். தண்ணீர் நிற்கிற வயலில் இதைக் கொட்டினால் காசுதான் கரையும். சப்-1 ரகமும் மூன்றாவது வாரத்தைத் தாங்காது. எங்கள் பரிந்துரைகள் எல்லாமே வடிகால் இருந்தால்தான் பலிக்கும் என்பதை நாங்களும் உரக்கச் சொல்லத் தவறிவிட்டோம்.

அதனால் குறைதீர் கூட்டத்தில் தண்ணீர் கேட்கும் அதே மனுவில் உங்கள் ஊர் வடிகாலின் பெயரையும் எழுதுங்கள். கார்த்திகையில் அல்ல, வைகாசியிலேயே. வேலை தொடங்கும் நாளில் இயந்திரம் எந்த முனையில் இறங்குகிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். தண்ணீர் வெளியேறும் கீழ்முனையிலிருந்து மேல்நோக்கித்தான் தூர்வார வேண்டும். சாலையோரம் வசதியாக இருக்கிறதென்று நடுவில் தொடங்கினால், வெட்டிய இடம் குளமாக நிற்கும்.