காலிப் பெட்டி குடிக்கும் டீசல்

மதுரை - ராமநாதபுரம் ரோட்டில் ஒரே கம்பெனி, ஒரே மாடல் பிக்கப் வண்டிகள் இரண்டு எதிரெதிரே போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியபட்டினத்திலிருந்து மதுரைக்குப் போகும் வண்டியில் ஒரு டன் தேங்காய். பக்கப் பலகைக்கு மேலே ஒரு காய்கூட எட்டிப் பார்க்கவில்லை. மதுரையில் மீனை இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டியில் வெறும் தெர்மாகோல் பெட்டிகள். எல்லாமே காலி. மொத்தமாக நிறுத்தாலும் நூறு கிலோ தேறாது. ஆனால் டிரைவர் கேபினின் கூரைக்கு மேலே இன்னும் ஓர் ஆள் உயரத்துக்கு அடுக்கி, கயிறு போட்டு இறுக்கியிருக்கிறார்கள். காற்று அசையாத நாள். இரண்டு வண்டியும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. எது அதிக டீசல் குடிக்கும்?

பத்தில் ஒன்பது பேர் தேங்காய் வண்டியைத்தான் காட்டுவார்கள். சரியான விடை, காலிப் பெட்டி வண்டி.

லோடு வண்டிக்காரர்களின் மாதக் கணக்கில் துண்டு விழுகிற இடம் இதுதான். வாடகையை எடைக்குப் பேசிப் பழகியதால், டீசலும் எடைக்குத்தான் செலவாகும் என்று நினைத்துவிடுகிறோம். காற்றுக்கு எடை தெரியாது. அதற்குத் தெரிந்தது, முன்னால் வந்து மோதுகிற பொருளின் உயரமும் அகலமும் வேகமும்தான்.

ஊருக்குள் எடை, ரோட்டில் காற்று

ஓடுகிற வண்டியை இரண்டு விஷயங்கள் பின்னால் இழுக்கின்றன. ஒன்று, டயர் தரையில் உருளும்போது நசுங்கி நிமிர்வதால் வரும் தடை. எடை ஏற ஏற இதுவும் ஏறும். ஆனால் வேகம் கூடுவதால் பெரிதாக மாறாது. இரண்டாவது, காற்றின் தடை. இதற்கும் எடைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் இந்தத் தடை நான்கு மடங்காகும். 50 கிலோமீட்டரில் போகிற வண்டி 80-ஐத் தொட்டால், காற்றின் தடை இரண்டரை மடங்கைத் தாண்டிவிடும்.

மலைப்பாதையில் எடைதான் ராஜா. கொடைக்கானல் ஏறுகிற வண்டி ஒவ்வொரு கிலோவையும் மேலே தூக்கியாக வேண்டும். ராமநாதபுரம் சீமை அப்படியல்ல. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை கண்மாயும் பொட்டலும் சீமைக் கருவேலமும்தான். ஏற்றம் என்று சொன்னால் பாலங்களைச் சொல்லலாம். இந்தச் சமதரையில் எடை தன் வேலையைக் காட்டுவது, நின்ற வண்டி கிளம்பும்போதும், வேகத்தடைக்கு வேகத்தடை பிரேக் போட்டு மறுபடி கியரை மாற்றி இழுக்கும்போதும்தான். ஊருக்குள் எடை டீசலைத் தின்கிறது என்றால், மெயின் ரோட்டில் காற்று தின்கிறது.

அமெரிக்க அரசு தன் நாட்டுக் கார்களுக்காக வெளியிடும் எரிபொருள் வழிகாட்டியிலும் இதே கதைதான். காருக்குள் 45 கிலோ கூடுதலாக ஏற்றினால் மைலேஜ் சுமார் 1 சதவீதம் குறையும். கூரைமேல் ஒரு பெரிய பெட்டியைக் கட்டினாலோ நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம்வரை போய்விடும். அதே மாதிரிப் பெட்டியைக் காருக்குப் பின்னால் மாட்டினால் இழப்பு 1 முதல் 5 சதவீதம்தான். பெட்டி ஒன்றுதான், வைத்த இடம் வேறு.

ராமநாதபுரத்திலிருந்து கிளம்பும் கரி மூட்டைக்கும், பனை ஓலைக் கட்டுக்கும், வைக்கோலுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். எடை குறைவு, உயரம் அதிகம். ‘லேசான லோடுதானே’ என்று 80-ல் விரட்டினால், டேங்க் காலியாகும்போதுதான் உண்மை தெரியும்.

கச்சான் எதிரே வந்தால்

கடலுக்குப் போகிறவர்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கச்சான், வாடை, கொண்டல், சோழகம் என்று திசைக்கு ஒரு பெயர் வைத்தவர்கள் அவர்கள். காற்று பார்க்காமல் படகை இறக்க மாட்டார்கள். ஆனால் அதே மீனை ஏற்றிக்கொண்டு ரோட்டில் போகும்போது காற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பழைய பாம்பன் ரயில் பாலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவைக்கும் ஏற்பாடு இருந்தது. அது ரயிலைப் பக்கவாட்டில் அடிக்கும் காற்றுக்கான எச்சரிக்கை. காற்றே இல்லாத நாளில் 60-ல் போகும் பிக்கப் வண்டி, ஏறக்குறைய அதே வேகக் காற்றைத் தன் முகத்துக்கு நேராக, கிளம்பியது முதல் நிற்கும்வரை வாங்கிக்கொண்டே போகிறது.

இதில் அம்மியையும் பறக்கவைக்கும் ஆடிக் காற்றும் சேர்ந்தால்? எதிர்க்காற்று 20 கிலோமீட்டர் என்றால், மீட்டரில் 60 காட்டினாலும் வண்டி சந்திக்கும் காற்று 80. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளினால் 40. போகும்போதும் வரும்போதும் முள் காட்டியது 60-தான். ஆனால் காற்றின் தடையில் நான்கு மடங்கு வித்தியாசம். கச்சான் வீசும் மாதங்களில் மேற்கு நோக்கிப் போகும் வண்டி மைலேஜ் குறைந்தால், உடனே மெக்கானிக்கைக் குறை சொல்ல வேண்டியதில்லை. எதிர்க்காற்று பலமாக இருக்கும் நாளில் பத்துக் கிலோமீட்டர் வேகத்தைக் குறைப்பதே நல்ல வைத்தியம்.

பின்னால் ஒரு டிரெய்லர்

ஃபைபர் படகை டிரெய்லரில் ஏற்றி வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும்போதும் விதி இதுதான். படகு எவ்வளவு கனம் என்பதைவிட, அது வண்டியின் நிழலுக்குள் அடங்குகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கேபினின் உயரத்துக்குள், கூர்முனை முன்னால் பார்த்தபடி இருக்கும் படகு காற்றை ஓரளவு கிழித்துக்கொண்டு வரும். அதே எடையுள்ள ஓர் உயரமான, தட்டையான பெட்டியை இழுத்துப் பார்த்தால் இன்ஜின் முனகுவது காதில் கேட்கும்.

படகுக்கு என்று தனியாகச் சில சங்கதிகள் உண்டு. அடியில் தேங்கிய மழைநீரை வடித்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். நூறு லிட்டர் தண்ணீர் என்பது நூறு கிலோ. தளர்வாகக் கட்டிய தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தால், அந்தப் படபடப்புக்கான காசையும் டீசல் டேங்கிலிருந்துதான் கொடுக்க வேண்டும். பல மாதம் சும்மா நின்ற டிரெய்லரின் டயரில் காற்று இறங்கியிருக்கும். உப்புத் தண்ணீர் பட்ட பேரிங்கில் கிரீஸ் காய்ந்திருக்கும். இருபது கிலோமீட்டர் போனபின் வண்டியை ஓரம் கட்டி, சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாகக் கொதித்தால், அங்கே பேரிங்கோ பிரேக்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். டீசலும் அங்கேதான் எரிகிறது.

பாரத்தை டிரெய்லரின் பின்பக்கம் குவிப்பது ஆபத்து. வேகம் கூடும்போது டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்து, இழுக்கும் வண்டியையே கவிழ்த்துவிடலாம். பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். ஜெர்மனியில் டிரெய்லர் இழுக்கும் காருக்குப் பொதுவான உச்ச வேகம் 80 கிலோமீட்டர். தனி அனுமதி பெற்ற டிரெய்லருக்குத்தான் 100. கலிஃபோர்னியாவில் 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர். உயிரைக் காக்கப் போட்ட சட்டங்கள் இவை. டீசல் மிச்சமாவது கூடுதல் லாபம்.

மீன் காத்திருக்குமா?

‘இதெல்லாம் சரி, மீன் வண்டி மெதுவாகப் போனால் ஏலம் முடிந்துவிடுமே’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 120 கிலோமீட்டர் தூரத்தை 80 வேகத்தில் கடக்க ஒன்றரை மணி நேரம். 60 வேகத்தில் இரண்டு மணி நேரம். வித்தியாசம் அரை மணி. நடுவில் ஊர்கள், வேகத்தடைகள், டோல்கேட், டீக்கடை எல்லாம் இருப்பதால் உண்மையில் மிச்சமாகும் நேரம் இதைவிடக் குறைவு. ஒழுங்காக ஐஸ் போட்ட பெட்டியில் இருக்கும் மீன் அந்த அரை மணியில் கெட்டுப்போகாது. கடற்கரையில் பெட்டி ஏற்றும் வேலையை அரை மணி முன்னால் முடித்தால் ஏலத்துக்கும் நேரத்துக்குப் போய்விடலாம்.

1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, 1974-ல் அமெரிக்கா செய்த காரியங்களில் ஒன்று நாடு முழுவதும் நெடுஞ்சாலை வேகத்தை 55 மைலுக்கு இறக்கியது. நம் நாட்டில் 1978-ல் தொடங்கப்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகமும், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகமே சிக்கனமானது என்றுதான் வாகன ஓட்டிகளிடம் சொல்லிவருகிறது.

இப்போது வீட்டுக் கணக்குக்கு வருவோம். போக வர 240 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 12 கொடுத்தால் 20 லிட்டர் டீசல். லோடின் உயரத்தையும் வேகத்தையும் குறைத்ததில் அது 14 ஆனால், 17 லிட்டரும் சொச்சமும் போதும். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் ஒரு டிரிப்புக்கு 260 ரூபாய்க்கு மேல் மிச்சம். மாதம் 25 டிரிப் ஓடினால் 6,500 ரூபாயைத் தாண்டும். கடன் வாங்கிக் குட்டி யானையோ பிக்கப்போ எடுத்து, தானே ஓட்டும் ஒருவரின் வீட்டில் அது பிள்ளையின் பள்ளிக் கட்டணம். அல்லது வண்டித் தவணையில் ஒரு பகுதி.

அதற்காக அள்ளிப் போடலாமா?

சமதரையில் எடை பெரிதாக டீசல் குடிக்காது என்று படித்துவிட்டு, ஒன்றரை டன் வண்டியில் மூன்று டன் ஏற்றினால் விபரீதம். பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் நீளும், டயர் சூடேறி வெடிக்கும், பட்டை முறியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. ஒரே ஒருமுறை மாட்டினால் மூன்று மாதம் மிச்சம் பிடித்ததும் போய்விடும்.

செய்யக்கூடியவை

காலிப் பெட்டிகளைக் கேபினின் உயரத்துக்குள் அடக்கப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பிளாஸ்டிக் கிரேட்டுகள் என்றால் இன்னும் வசதி. உயரமாகத்தான் அடுக்கியாக வேண்டும் என்றால், அன்றைக்கு 60-ஐத் தாண்டாதீர்கள்.

தார்ப்பாயை இறுக்கிக் கட்டுங்கள். பின்கதவைத் திறந்துபோட்டால் காற்று உள்ளே மாட்டாது, மைலேஜ் கூடும் என்பது உலகம் முழுக்க உள்ள நம்பிக்கை. சோதித்துப் பார்த்ததில் பலன் எதுவும் தெரியவில்லை. மூடியே ஓட்டுங்கள்.

டயரில் காற்றை வாரம் ஒருமுறை, வண்டி கிளம்பும் முன் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். வேகத்தடை தூரத்தில் தெரியும்போதே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரிலேயே வண்டியைத் தவழவிடுங்கள். இப்போதைய டீசல் இன்ஜின்கள் அந்த நேரத்தில் டீசலை அறவே நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் இன்ஜினை ஓடவைக்க டீசல் செலவாகும், வண்டியும் கட்டுப்பாட்டில் இருக்காது. ஏலம் முடியக் காத்திருக்கும் நேரத்தில் இன்ஜினை நிறுத்திவிடுங்கள். நிற்கிற வண்டியின் மைலேஜ் பூஜ்யம்.

கடைசியாக, ஒரு நோட்டும் பேனாவும். டேங்கை ஃபுல் செய்து, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஃபுல் செய்யும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்த்து வகுத்தால் உண்மையான மைலேஜ் கிடைத்துவிடும். பக்கத்திலேயே இரண்டு வார்த்தை எழுதுங்கள்: லோடு எவ்வளவு உயரம், காற்று எந்தப் பக்கம். இரண்டு மாதம் எழுதினால் போதும். எந்த டிரிப்புக்கு வாடகையைக் கூட்டிக் கேட்க வேண்டும் என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும். உயரமான காலிப் பெட்டிக்கும் ஒரு கூலி உண்டு என்று வியாபாரியிடம் எடுத்துச் சொல்ல, கையில் கணக்கு இருக்கும்.