தூக்குப் பாலத்தைப் பேரீச்சம்பழத்துக்குப் போட விடாதீர்கள்!



பாம்பன் தூக்குப் பாலத்தைக் கழற்றி அகற்றுவதுதான் ரயில்வேயின் முடிவு. 1914 பிப்ரவரி 24 அன்று திறந்த பாலம் அது. 2022 டிசம்பரோடு அதன்மேல் ரயில் ஓட்டம் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று பக்கத்திலேயே புதுப் பாலம் வந்துவிட்டது. இனிப் பழையதைக் கேஸ் கட்டரால் அறுப்பார்கள், டன் கணக்கில் எடை போடுவார்கள், லாரியில் ஏற்றுவார்கள். தெருவில் கூவி வருகிறவரிடம் ஓட்டை அண்டாவைக் கொடுத்துப் பேரீச்சம்பழம் வாங்குகிற கணக்குத்தான்.

பாம்பன் டீக்கடைகளில் இதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் அப்படியே. பேச்சு பேச்சாகவே நிற்கிறது என்பதால்தான் இந்த அழைப்பு. மீனவர் சங்கத் தோழர்களே, ஓய்வுபெற்ற ரயில்வேத் தொழிலாளர்களே, ஆசிரியர்களே, ஆட்டோ ஓட்டுநர்களே, இது உங்களுக்கு.

கூடிப் பேசத் தவறிய ஊர்களுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். பாலம் திறந்த அதே 1914-இல் கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் ‘வெரைட்டி ஹால்’ கட்டினார். தென்னிந்திய ரயில்வேயில் திருச்சியில் வேலை பார்த்த மனிதர். ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்தவர். நம் பாலத்தில் ரயில் விட்டதும் அதே தென்னிந்திய ரயில்வே கம்பெனிதான். அந்த ஹால் பின்னால் டிலைட் தியேட்டர் ஆனது, மூடியது, இடிபட்டது. இன்று அங்கே தெருவுக்கு மட்டும் வெரைட்டி ஹால் ரோடு என்று பெயர். 1952-இல் ‘பராசக்தி’யைத் திரையிட்ட மதுரை தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக் கடை. ‘ஐயோ, இடிச்சிட்டாங்களே’ என்று ஊர் சொன்னது இடித்த பிறகு. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகங்கள் நடந்த விக்டோரியா அரங்கமோ பல காலம் பாழடைந்து கிடந்தும் தப்பியது. விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் இருந்தார்கள். கடைசியில் மாநகராட்சியே அதைப் புதுப்பித்தது.

நம் பாலத்தின் கதை தியேட்டரின் கதையைவிடக் கனமானது. சுற்றுலா வழிகாட்டிகள் அலையையும் ரயிலையும் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதன்மேல் யார் போனார்கள் என்று சொல்வதில்லை. எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார். மறுபடி ரயிலில் கொழும்பு. அதுதான் போட் மெயில் வழி. அந்த வழியில் துரைமார் மட்டுமா போனார்கள்? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம் சனங்களை மண்டபம் முகாமில் அடைத்துவைத்து, நோய் பார்த்து, அனுப்பினார்கள். திருச்சியிலும் சேலத்திலும் புதுக்கோட்டையிலும் கஞ்சிக்கு வழியில்லாமல் கிளம்பிய குடும்பங்கள் இந்தப் பாலத்தைக் கடந்துதான் கடலுக்குப் போயின. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, அந்தத் தோட்டங்களில் வாழ்ந்த லட்சக்கணக்கான மலையகத் தமிழரை இரு நாட்டுக்குமாகப் பங்கு பிரித்தார்கள். ராமேஸ்வரத்தில் கப்பலை விட்டிறங்கிய அவர்களை ஊர் பெயரே தெரியாத ஊர்களுக்கு ஏற்றிச்சென்ற ரயிலும் இதே பாலத்தின் மேல்தான் போனது. அவர்களுக்குக் கல்வெட்டு எங்கே இருக்கிறது? எனக்குத் தெரிந்து இந்த இரும்புதான்.

ஒப்பந்தம் போட்ட அதே ஆண்டு, டிசம்பர் 22 இரவு. தனுஷ்கோடி போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டது; தனுஷ்கோடியையும் கொண்டது. பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. கப்பலுக்குத் திறக்கிற தூக்கு மட்டும் அப்படியே நின்றது. ஆறு மாதம் ஆகும் என்று ரயில்வே கணக்குப் போட்ட பழுதுபார்ப்பை 32 வயதுப் பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். பின்னாளில் ‘மெட்ரோ மனிதர்’ என்று பெயர் வாங்கியவர். அவரைக் கொண்டாடட்டும், தகும். கர்டர்கள் கடலுக்கடியில் எங்கே கிடக்கின்றன என்று அவருக்குத் துப்புக் கொடுத்தது நம் மீனவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். அந்த 46 நாளில் நம் பங்கும் உண்டு. நம்மைக் கேட்காமல் விற்க முடியாது என்று நான் சொல்வது அதனால்தான்.

எதிர்ப்பக்கம் சொல்வதையும் மறைக்காமல் பேசுவோம். இந்தக் கடற்காற்று இரும்பைத் தின்கிற காற்று. ஆண்டு முழுக்கச் சாயம் அடித்தும் துரு நிற்கவில்லை. ரயில் போக லாயக்கில்லை என்று ஆன பாலத்தில் நடக்க மட்டும் ஆளை எப்படி விடுவது? துண்டு பெயர்ந்து வல்லத்தின் மேல் விழுந்தால் யார் பொறுப்பு? புதுப் பாலம் தூக்கி வழி விட்டாலும், பக்கத்திலேயே பழைய தூண்களும் நின்றால் நீரோட்டம் இழுக்கும் கால்வாயில் கப்பலும் விசைப்படகும் இரண்டு வாசலில் நுழைந்து போக வேண்டும். இவை நியாயமான கேள்விகள். ‘பாரம்பரியம்’ என்று ஒரு சொல்லைச் சொல்லி இவற்றைத் தள்ளிவிட முடியாது. கடலில் இறங்குகிறவன் உயிர் முதலில்.

ஆகவே முழுப் பாலமும் அப்படியே நிற்கட்டும் என்று நான் கேட்கவில்லை. நம்மில் சிலருக்கு இது கோபம் தரும், தெரியும். அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றின் மேல் 1889-இல் கட்டிய ரயில் பாலம் ஒன்று உண்டு. 1974-இல் தீப்பிடித்து ஓட்டம் நின்றது. ஊர்க்காரர்கள் சங்கம் வைத்துப் போராடி, 2009-இல் அதை நடைபாதையாகத் திறந்தார்கள். நீளம் ஏறக்குறைய நம் பாலத்தின் நீளமே, 2 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். ஆனால் அது ஆறு. இது உப்புக் கடல், புயல் கடல். அவர்களுடைய பிடிவாதத்தைக் கற்றுக்கொள்வோம், வரைபடத்தை அப்படியே பிரதி எடுக்க வேண்டாம். நமக்கு அருகில் ராஜமுந்திரியில் 1897 முதல் நூறாண்டு ஓடிய ஹேவ்லாக் பாலம் ரயில் நின்ற பிறகும் கோதாவரியில் நிற்கிறது. பழைய இரும்புக்குப் போகவிருந்ததை ஆந்திர அரசு கேட்டு நிறுத்தியது. தமிழ்நாட்டு அரசு கேட்டால் ஆகாதா?

நாம் கேட்க வேண்டியது இது. பொறியாளர் ஷெர்சரின் முறையில் கட்டிய தூக்கும், அதன் இரண்டு கைகளும், ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறந்த பல்சக்கரங்களும் ஒரு போல்ட் குறையாமல் காப்பாற்றப்பட வேண்டும். கடலிலேயே நிறுத்த முடியுமா என்பதை ரயில்வேக்குச் சம்பந்தமில்லாத பொறியாளர் குழு ஆராய்ந்து, அறிக்கையைத் தமிழில் நம் முன் வைக்கட்டும். முடியாது என்றால் பகுதி பகுதியாகக் கழற்றி, கரையில் மறுபடி கோக்க வேண்டும். பெரம்பூருக்கோ டெல்லிக்கோ ஏற்றிப்போய் மியூசியப் புல்வெளியில் வைக்கிற வேலை வேண்டாம். பாம்பன் கரையில், அல்லது மண்டபத்தில். பாம்பன் பக்கமும் மண்டபம் பக்கமும் கரையை ஒட்டிச் சில கண்கள் தூணோடு நிற்கட்டும். கால்வாய்க்கு இடைஞ்சல் என்று மீனவர்கள் காட்டுகிற தூண்கள் போகட்டும். அங்கே அமைகிற காட்சிக்கூடத்தில் ஷெர்சரின் பெயருக்கு முன்னால் தோட்டத் தொழிலாளர் கதை இருக்க வேண்டும். சக்கரம் சுற்றிய கேங்மேன்களின் குரலை, அவர்கள் இருக்கும்போதே பதிவு செய்ய வேண்டும். இதையும் யாராவது தனியார் ரிசார்ட்டுக்குக் குத்தகை விட்டு டிக்கெட் போட வந்தால் அதையும் எதிர்ப்போம்.

இனி வேலை. பாம்பன் ஊராட்சி. அடுத்த கிராம சபையில் தீர்மானம் வர வேண்டும். பெண்கள் பாதிக்குக் குறையாமல் வந்து உட்கார வேண்டும். தங்கச்சிமடம் ஊராட்சியும் மண்டபம் பேரூராட்சியும் அதே தீர்மானத்தை எடுக்கட்டும். ராமேஸ்வரம் நகராட்சி உறுப்பினர்களை அவரவர் வார்டுக்காரர்கள் போய்ப் பாருங்கள். நூறாண்டு கடந்த கட்டுமானத்தை நினைவுச் சின்னமாக அறிவிக்க 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் இடம் தருகிறது. நம் பாலம் 2014-லேயே நூறைத் தாண்டிவிட்டது. மனு எழுதத் தெரிந்த ஆசிரியத் தோழர்கள் மாவட்ட ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் மதுரைக் கோட்ட ரயில்வே மேலாளருக்கும் எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒப்பந்தப் பத்திரத்தையும் பாலத்தின் வலு பற்றிய அறிக்கையையும் கேளுங்கள். கடலுக்குப் போகிறவர்கள் எந்தத் தூண் எந்த நீரோட்டத்தில் இடைஞ்சல் என்று வரைந்து கொடுங்கள். அந்தப் படத்தை உங்களைத் தவிர யாராலும் வரைய முடியாது.

வேலை எந்தக் கட்டத்தில் இருந்தாலும் தயங்காதீர்கள். கர்டர்கள் போனாலும் தூக்கைப் பிடித்து நிறுத்தலாம். தூக்கையே இறக்கிவிட்டார்கள் என்றால், அது லாரியில் ஏறுவதற்கு முன் எங்கே போகிறது என்று கேட்டு நிற்க ஆள் வேண்டும். பழைய போட்டோ, சம்பளச் சீட்டு, போட் மெயில் டிக்கெட் எது வீட்டில் இருந்தாலும் எடுத்து வையுங்கள். தீர்மானத்தில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். கிராம சபை நாளில் வந்து சேருங்கள், பக்கத்து வீட்டாரையும் கூட்டி வாருங்கள்.