பண்டிகைக் கொழுப்பும் பட்டினிப் பரிகாரமும்

நமது நாட்டில் சரீரத்தின் எடையைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால், அது பணக்காரர் சங்கதி என்றும், பட்டணத்துக்காரரின் நாகரிகக் கவலை என்றும் சொல்லித் தள்ளிவிடுவது வழக்கமாயிருக்கின்றது. ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. வயிற்றுக்கு இல்லாதவனிடம் போய் வயிற்றைக் குறை என்று உபதேசிப்பது அயோக்கியத்தனமேயாகும். ஆனால் இன்றைய நிலைமை அதுவன்று. 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 40 பேரும், ஆண்களில் 100-க்கு 37 பேரும் இருக்கவேண்டிய அளவுக்கு மேற்பட்ட எடையுள்ளவர்கள். அதற்கு முந்திய 2015-16 ஆய்வில் இது 31-ம் 28-மாக இருந்தது. இடையில் ஏறிய அத்தனை பேரும் மிராசுதார்களும் மில் முதலாளிகளுமா என்று கேட்கின்றோம். தையல் மிஷினில் பத்து மணி நேரம் உட்காருகின்ற பெண்ணும், ஆட்டோ ஓட்டுகின்றவரும், மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளையுமே அவர்கள்.

இந்த எடை வருஷம் முழுவதும் ஒரே சீராக ஏறுவதில்லை. ஏறுவதற்கென்று பருவம் இருக்கின்றது. அமெரிக்காவில் 195 பேரைப் பல மாதங்கள் நிறுத்துப் பார்த்து 2000-ம் வருஷத்தில் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரையுள்ள விருந்துக் காலத்தில் ஆள் ஒன்றுக்குச் சராசரி 370 கிராம் ஏறிற்று. இவ்வளவுதானா என்று வாசகர்கள் நினைக்கலாம். அவர்களுங்கூட, குளிர்காலத்தில் ஏறினதைப் பற்றிக் கேட்டபோது, உண்மையில் ஏறினதைவிட மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் விஷயம் அதுவல்ல. ஏறின 370 கிராம் அடுத்து வந்த கோடையில் இறங்கவில்லை என்பதே விஷயம். அடுத்த பண்டிகை வந்தது. அதன் மேல் இன்னும் கொஞ்சம் உட்காருகின்றது. வருஷத்துக்கு அரைக் கிலோ என்றால் 25 வயதில் கலியாணம் செய்துகொண்டவர் 45-ல் 10 கிலோவை எடுத்துக்கொண்டு நடக்கின்றார். ஒரு கால் மூட்டை அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு இருபத்துநாலு மணி நேரமும் இருக்கச் சொன்னால் சம்மதிப்பாரா? இடுப்பில் வைத்தால் சம்மதிக்கின்றார்.

அங்கே பெரிய பண்டிகைக் காலம் ஒன்று. நமக்கோ ஆவணியில் கொழுக்கட்டையில் ஆரம்பித்தால் சீடை, முறுக்கு, சுண்டல், தீபாவளிப் பலகாரம், கார்த்திகைப் பொரியுருண்டை, மார்கழியில் நெய் வழியும் வெண்பொங்கல், நடுவில் அண்டை வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக், அப்புறம் தைப்பொங்கல் என்று ஆறு மாதம் வாய் ஓய்வதில்லை. (இதில் சுண்டலை நாம் குறை சொல்லவில்லை. கொலுவுக்காக வேகவைத்தாலும் கடலை கடலைதான். ஆடிக் கூழும் அப்படியே. அம்மன் பெயரைச் சொல்லாமலும் அதைக் குடிக்கலாம்.) தீபாவளியோ ஒரு நாளில் முடிகின்றதா? பத்து நாள் முன்னே எண்ணெய்ச் சட்டி ஏறுகின்றது. பத்து நாள் பின்னும் டப்பா காலியாவதில்லை. சர்க்கரையும் நெய்யும் சேர்ந்த லட்டு ஒன்று, அளவைப் பொறுத்து, 150 முதல் 200 கலோரி. 60 கிலோ எடையுள்ளவர் அதைச் செலவழிக்க வேண்டுமானால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் நடக்கவேண்டும். வந்த வீட்டில் இரண்டு, போன வீட்டில் இரண்டு தின்கின்றவர் எப்போது நடப்பது? அதுவும் ஐப்பசி கார்த்திகை அடைமழையில்! வெளியே கால் வைக்க முடியாத மாதமும் சட்டியில் எண்ணெய் ஆறாத மாதமும் ஒன்றாகவே வருகின்றன.

இது ஏன் இப்படி அமைந்தது என்று யோசிக்க வேண்டும். நம் பாட்டன் காலத்தில் கிராமத்துக் குடியானவனுக்கும் பண்ணையாளுக்கும் இட்லியும் தோசையும் வருஷத்தில் இரண்டொரு நாள் பண்டம். ஆடியில் குதிர் காலி. ஐப்பசி கார்த்திகையில் பயிர் வயலில் நிற்கும்; வீட்டில் அரைவயிறு. தை அறுவடைக்குப் பின்தான் வயிறு நிறையும். பஞ்சமாதத்தில் சரீரம் இளைக்கும். அறுப்பு முடிந்தபின் கொஞ்சம் தேறும். அந்த வருஷத்திற்கு நடுவே ஒரு நாள் வயிறாரத் தின்றால் அதில் ஒரு தோஷமுமில்லை. இன்று அந்தப் பஞ்சமாதம் போய்விட்டது. 2011 முதல் ரேஷன் கடையில் அரிசி இலவசமாகவே கிடைக்கின்றது. இது மிகவும் நல்ல காரியம். இதைக் குறை சொல்லுகின்றவர்களோடு நமக்குச் சம்பந்தமில்லை. ஆனால் பட்டினி போன பிறகும் பட்டினிக்காரனுடைய விருந்தை அப்படியே வைத்துக்கொண்டிருந்தால், இளைக்கிற மாதமே இல்லாமல் தேறுகிற மாதம் மாத்திரம் மிஞ்சுகின்றது. நமது எடைக் கணக்கின் இரகசியம் முழுவதும் இதில்தான் இருக்கின்றதென்பது நமது அபிப்பிராயம்.

நிற்க, இதற்கு நமது பெரியவர்கள் பரிகாரம் வைக்காமல் போகவில்லையே, அதற்குத்தானே விரதம் என்று சிலர் சொல்லுகின்றார்கள். இப்போது படித்தவர்களும் இதையே விஞ்ஞானம் என்ற பெயரால் சொல்ல ஆரம்பித்திருக்கின்றார்கள். இதைக் கொஞ்சம் பரிசோதிப்போம்.

அமாவாசை இரவும் சனிக்கிழமை இரவும் சோறு தின்னக்கூடாது. பலகாரம் தின்னலாம் என்பது பல வீடுகளில் ஏற்பாடு. பலகாரமென்றால் என்ன? இட்லி, தோசை, அடை. அரிசியைத் தண்ணீரில் வேகவைத்தால் விரதம் கெட்டுவிடும். அதே அரிசியை அரைத்து எண்ணெய் விட்டுக் கல்லில் சுட்டால் கெடாது! வயிற்றுக்குள் போன அரிசிக்கு இந்தச் சாஸ்திரம் தெரியுமா? புரட்டாசியில் மீனும் முட்டையும் நிறுத்துகின்றார்கள். நிறுத்தினதற்குப் பதிலாகப் பருப்பும் காய்கறியும் கூடினால் சரி. கூடுவதெல்லாம் சோறும் அப்பளமும் வடையும் பாயசமும்.

தீபாவளிக்கு மறுநாள் ஆரம்பிக்கின்ற கந்தசஷ்டியைப் பாருங்கள். ஆறு நாள் விரதமிருந்தேன், ஒன்றரைக் கிலோ இறங்கிவிட்டது, எல்லாம் முருகன் செயல் என்று சொல்லுகின்றவர்கள் உண்டு. எடை இறங்கினது பொய்யல்ல. இறங்கினது எது என்பதுதான் கேள்வி. உப்பும் மாவும் சர்க்கரையும் இரண்டு மூன்று நாள் அதிகமானால் சரீரம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தீபாவளியன்று தராசில் ஏறின எடையில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரும், குடலில் இருக்கிற ஆகாரமும். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிய நாலைந்து நாளில் அது தானாகவே போய்விடும். விரதமிருந்தவனுக்கும் போகும், நாஸ்திகனுக்கும் போகும். போகாமல் நிற்பது கொழுப்பு. ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. ஆறு நாள் பாலும் பழமும் சாப்பிட்டு அதில் ஒரு பாகத்தைக் கரைத்தாலும், ஏழாம் நாள் விருந்து காத்திருக்கின்றது. நாம் ஒரு மதத்தாரை மாத்திரம் சொல்லவில்லை. ரம்ஜான் நோன்பைப் பற்றிப் பல தேசங்களில் நிறுத்துப் பார்த்திருக்கின்றார்கள். மாதத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ குறைகின்றது. சில வாரங்களுக்குள் அதில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடுகின்றது. பட்டினிக்கு முந்திய சாப்பாட்டுக்கே திரும்பினால் பட்டினிக்கு முந்திய எடைக்கே திரும்பவேண்டியதுதானே.

அடுத்தது தீபாவளி லேகியம். இனிப்பைத் தின்றுவிட்டு லேகியத்தைத் தின்றால் இனிப்பின் தோஷம் போய்விடும் என்று நம்புகின்றார்கள். லேகியம் செரிக்க வைக்கும் என்றே வைத்துக்கொள்வோம். செரிப்பதென்றால் தின்ற பண்டம் சரீரத்தில் சேருவதென்று அர்த்தமா, சேராமல் ஓடிப்போவதென்று அர்த்தமா? நன்றாகச் செரித்தால் எடை நன்றாக ஏறத்தானே செய்யும்! போதாததற்கு லேகியத்திலேயே வெல்லமும் நெய்யும் இருக்கின்றன. தை பிறந்தால் பொடி வியாபாரிகள் வருகின்றார்கள். மாதத்தில் பத்துக் கிலோ குறைக்கும் பொடி, தொப்பை கரைக்கும் எண்ணெய் என்று விளம்பரம். தர்ப்பையைக் கீழே போட்டுவிட்டு டப்பாவைக் கையிலெடுத்த புரோகிதர்கள் இவர்கள் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆகவே பண்டிகைக் காலத்தில் செய்யக்கூடியது என்ன என்பதற்கு வருவோம். இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் 272 பேரை இரண்டு பிரிவாக்கிக் கிறிஸ்துமஸ் காலத்தில் ஒரு பரீட்சை செய்து 2018-ல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவாருக்குப் பொதுவான ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். மற்றப் பிரிவார் வாரத்தில் இரண்டு தடவையாவது எடை பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். சில எளிய யோசனைகளும், இன்ன பலகாரம் தின்றால் இவ்வளவு நேரம் நடக்கவேண்டும் என்ற பட்டியலும் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. முந்தின பிரிவாருக்குச் சராசரி 370 கிராம் ஏறிற்று. எடை பார்த்துக் குறித்தவர்களுக்கு ஏறவேயில்லை. 130 கிராம் குறைந்தே இருந்தது. பட்டினியில்லை, பொடியில்லை, பண்டிகையை விட்டதுமில்லை. கண்ணைத் திறந்துகொண்டு தின்றார்கள், அவ்வளவுதான்.

ஆனால் நம் ஜனங்களுக்கு எடை பார்ப்பதென்றாலே பயம். நிறுத்தால் குழந்தை இளைத்துப்போகும், கண் படும் என்பார்கள். இப்படிச் சொல்லுகின்றவர்களே கோவிலில் துலாபாரத் தட்டில் ஏறி, எதிர்த் தட்டில் வெல்லத்தை ஏற்றிச் சரிபார்க்கின்றார்கள். அங்கே கண் படாதாம். முன்னெல்லாம் ரயில் ஸ்டேஷன்களில் காசு போட்டால் சீட்டுத் தருகிற எடை மிஷின்கள் இருந்தன. சீட்டின் ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். நம்மவர்கள் முதலில் எந்தப் பக்கத்தைப் படித்தார்களென்று சொல்ல வேண்டியதில்லை. தராசு கூட வேண்டாம். இடுப்பில் அரைஞாண் கயிறு இருக்கின்றதே. இறுகினால் அவிழ்த்துப் பெரிதாகக் கட்டிக்கொள்கிறார்களே ஒழிய, ஏன் இறுகிற்று என்று எவரும் கேட்பதில்லை. தையற்காரரிடம் இருக்கிற டேப்பை வாங்கித் தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பாருங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்பட்டால் ஆபத்தென்று வைத்தியர்கள் வகுத்திருக்கின்றார்கள். வயிற்றுக் கொழுப்பு வெறும் அழகுக் கேடல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான கணக்கின்படி இந்நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களைப் பிடித்திருக்கின்ற சர்க்கரை வியாதிக்கு அது ஒரு முக்கிய வாசல்.

வாரத்தில் ஒரு நாள், விடியற்காலையில் வெளிக்குப் போய்வந்து ஒன்றும் சாப்பிடுமுன் எடை பார்த்து, பால் கணக்கு எழுதுகிற காலண்டரிலேயே குறித்துக்கொள்ளலாம். ஆவணி முதல் தை வரை வாரத்தில் இரண்டு நாள். பலகாரத்தைச் சாப்பாட்டுக்கு மேலே தின்னாமல், சாப்பாட்டில் அவ்வளவு சோற்றைக் குறைத்துக்கொண்டு தின்னவேண்டும். மழை மாதத்தில் தெருவில் நடக்க முடியாதென்றால் மாடிப்படியும் திண்ணையும் இருக்கின்றன. கோடையில் வேறு ஏமாற்றம். வேர்வை கொட்டினால் கொழுப்பு கரைகின்றதென்று நினைக்கின்றார்கள். போவது தண்ணீர், இரண்டு செம்பு குடித்தால் திரும்பி வரும். தாகத்துக்குத் தண்ணீரையும் நீர்மோரையும் விட்டுக் கோலாவைக் குடித்தால், 250 மில்லி பாட்டிலில் 25 கிராம் சர்க்கரைக்கு மேல் உள்ளே போகின்றது.

எல்லாவற்றிற்கும் மேலாகப் பெண்களைப் பற்றிச் சொல்லவேண்டும். அதிக எடையுள்ளவர்கள் ஆண்களைவிடப் பெண்களில் கூடுதலாயிருப்பதைப் பார்த்தோம். இது அவர்கள் பேராசையாலா? பண்டிகை நாளில் விடிந்ததுமுதல் அடுப்படியில் நிற்பவள் அவள். எல்லோரும் சாப்பிட்டபின் இரண்டு மணிக்கு மேல் பசி மிஞ்சி உட்காருகின்றாள். மிஞ்சின பாயசமும், நமுத்துப்போன வடையும், பிள்ளை கடித்து வைத்த அதிரசமும் வீணாகக் கூடாதென்று அவள் வயிற்றுக்குள் போகின்றன. மற்ற நாளில் புருஷன் ஆயுளுக்கென்று அவளே பட்டினியும் கிடக்கவேண்டும். ஆணுக்கு மாலையில் நடந்துவர ரோடு இருக்கின்றது. அவள் தனியே நடந்தால் நாலு பேர் நாலு விதம் பேசுகின்றார்கள். இந்த இலட்சணத்தில் உன் இடுப்பைப் பார் என்று அவளையே கேலி செய்கின்ற வீரர்களும் இருக்கின்றார்கள். தோழர்களே! இந்தத் தீபாவளிக்கு நாலு படி மாவுக்குப் பதில் ஒரு படி மாவு போதுமென்று சொல்லிப் பாருங்கள். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். மாலையில் அவளையும் அழைத்துக்கொண்டு நடங்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. சர்க்கரை வியாதிக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்கின்றவர்கள், தின்றதற்கு ஈடு செய்வதாக நினைத்துக்கொண்டு மறுநாள் பட்டினி கிடப்பது உயிருக்கே ஆபத்து. இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் போட்டுவிடும். மருந்தின் அளவையும் சாப்பாட்டின் அளவையும் பண்டிகைக்கு முன்னமேயே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு நாள் நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.