முட்டுக்கட்டை மீது சுமத்திய பழி

"உராய்வு ஒரு தேவையான தீமை." பள்ளியில் இயற்பியல் படித்தவர்கள் எளிதில் மறக்காத வரி இது. தேய்மானம், வெப்பம், எரிபொருள் விரயம் என்று முதலில் குற்றங்கள் அடுக்கப்படும். பிறகு, உராய்வு இல்லாவிட்டால் நடக்கவே முடியாதே என்று ஒரு சமாதானம் வரும். விடைத்தாளில் முழு மதிப்பெண் வாங்கித் தரும் இந்த வரி தவறான வரி. அதைத் தாங்கி நிற்கும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

பழி சொல்பவர்கள் கையில் வலுவான கணக்கு ஒன்று உண்டு. உலகம் செலவிடும் மொத்த ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதம் உராய்வை வெல்லவே போகிறது என்று ஹோல்ம்பெர்க், எர்டெமிர் என்ற இரு ஆய்வாளர்கள் 2017இல் மதிப்பிட்டார்கள். காரில் ஊற்றும் எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு இப்படித்தான் கரைகிறது. இதை மறுக்க வேண்டியதில்லை. பிஸ்டனிலும் கியரிலும் பேரிங்கிலும் உராய்வைக் குறைக்கத்தான் வேண்டும்.

ஆனால் அதே காரை முன்னே தள்ளுவது எது? டயர் சாலையைப் பின்னோக்கி உந்துகிறது. சாலை உராய்வின் வழியே டயரை முன்னோக்கி உந்துகிறது. சேற்றில் சிக்கிய லாரியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எஞ்சினில் வலு இருக்கிறது, டீசல் இருக்கிறது, சக்கரமும் சுழல்கிறது. வண்டி மட்டும் நகராது. ஓட்டுநர் இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் சாக்கையும் கல்லையும் போடுகிறார். அவர் அங்கே போடுவது உராய்வைத்தான். ஆக, 'உராய்வு எப்போதும் இயக்கத்தைத் தடுக்கும்' என்பதும் சரியில்லை. ஒரு பரப்பின் மேல் இன்னொரு பரப்பு வழுக்குவதைத்தான் அது தடுக்கிறது. உராய்வை வென்ற கண்டுபிடிப்பு என்று போற்றப்படும் சக்கரமும் தரையின் பிடிப்பு இருந்தால்தான் உருளும். பிடிப்பு போனால் வெறுமனே சறுக்கும்.

தண்டவாளத்தில் இது இன்னும் தெளிவு. இரும்புச் சக்கரம் இரும்புப் பாதையில் எளிதாக உருள்வதால்தான் ஓர் எஞ்சின் அத்தனை பெட்டிகளை இழுக்கிறது. ஈரத்தில் பிடிப்பு தளர்ந்தால் அதே எஞ்சின் சக்கரத்துக்கு முன்னால் குழாய் வழியே மணலைத் தூவிக்கொள்கிறது. நீலகிரி மலை ரயிலில் மணலும் போதாது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். அதனால் நடுவில் பல் தண்டவாளம் போட்டார்கள். 1899இல் குன்னூர் வரை ரயில் ஏறியது அந்தப் பற்களின் பலத்தில்தான்.

'வழவழப்பாக்கினால் உராய்வு குறையும்' என்பது அடுத்த நம்பிக்கை. ஓரளவுக்கு மேல் அது தலைகீழாகிவிடும். பட்டறைகளில் அளவு பார்க்கப் பயன்படும் ஸ்லிப் கேஜ் கட்டைகள் கண்ணாடிபோல் மெருகேற்றியவை. இரண்டை அழுத்தித் தேய்த்துச் சேர்த்தால், ஒன்றைத் தூக்கும்போது மற்றதும் ஒட்டிக்கொண்டே வரும். எஞ்சின் சிலிண்டரின் உட்சுவரைத் தீட்டும் (ஹோனிங்) மெக்கானிக் அதில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்களை வேண்டுமென்றே விடுகிறார். எண்ணெய் தங்க அந்தக் கீறல்கள் வேண்டும். இடையில் மசகு இல்லாவிட்டால் உலோகம் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். வியாழனுக்குப் போன கலிலியோ விண்கலத்தின் குடை போன்ற பெரிய ஆன்டெனா 1991இல் விரிய மறுத்தது. மசகுப் பூச்சு தேய்ந்துபோன சில ஊசிகள் உலோகத்தோடு உலோகமாகச் சிக்கிக்கொண்டதே காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது.

வழவழப்பான அம்மியில் மிளகாய் அரைபடாது என்பதை நம் வீட்டுப் பெண்கள் எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் அறிந்திருந்தார்கள். "அம்மி கொத்தலையோ" என்று தெருவில் குரல் கேட்டதும் கூப்பிட்டு, கல்லுக்குச் சொரசொரப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தீப்பெட்டியின் பக்கப் பட்டையில் சிவப்பு பாஸ்பரஸோடு கண்ணாடித் தூளைக் கலப்பதும் இதே நோக்கத்தில்தான்.

டயரின் வெட்டுகள்தான் சாலையைப் பிடிக்கின்றன என்ற எண்ணமும் பரவலானது. காய்ந்த பந்தயப் பாதையில் ஓடும் கார்களின் டயரில் வெட்டே கிடையாது. பரப்பு முழுதும் ரப்பர். வெட்டுகள் மழைநீரை வெளியேற்றுவதற்கு. கார் டயரில் தேய்மானக் குறியை 1.6 மில்லிமீட்டரில் வைத்திருப்பதும் மழையை மனத்தில் வைத்துத்தான்.

'எண்ணெய் விட்டால் எல்லாம் சரியாகும்' என்பது ஆபத்தான நம்பிக்கை. மிதிவண்டியின் சங்கிலிக்கு எண்ணெய் உயிர். அதே எண்ணெய் ஒரு துளி பிரேக் கட்டை படும் ரிம்மில் விழுந்தால், இறக்கத்தில் வண்டி நிற்காது.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கத் தேரோட்டத்தன்று திருவாரூருக்குப் போக வேண்டும். அங்குள்ள கோயிலின் ஆழித் தேர் 96 அடி உயரம், ஏறக்குறைய 300 டன் எடை. வடம் பிடிப்பவர்களால் அதை இழுக்க முடியும், நிறுத்த முடியாது. நிறுத்துவது முட்டுக்கட்டை. ஆப்பு வடிவில் செதுக்கிய மரக்கட்டையைச் சக்கரத்தின் முன்னால் சரியான நொடியில் செருகுகிறார்கள். சக்கரம் அதன்மேல் ஏறி, கட்டையைத் தரையோடு அழுத்துகிறது. தேரின் வேகம் அந்த உரசலில் அடங்குகிறது. தேர் ஒரு பக்கம் ஒதுங்கினாலும் கட்டை கொடுத்துத்தான் வழிக்குக் கொண்டுவருகிறார்கள். வீதி முனையில் வேலை நேர்மாறு. அங்கே சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு போட்டு, கிரீஸ் தடவி, தேரைச் சறுக்கவிட்டுத் திருப்புகிறார்கள். திருச்சி பெல் நிறுவனம் பொருத்திய ஹைட்ராலிக் பிரேக்கும் இப்போது உண்டு. அதுவும் நிறுத்துவது உராய்வால்தான்.

பேச்சுத் தமிழில் 'முட்டுக்கட்டை' என்றால் நல்ல காரியத்துக்கு வரும் தடை. அந்தக் கட்டையை ஏந்திக்கொண்டு, உருளும் சக்கரத்தை ஒட்டியே உயிரைப் பணயம் வைத்து நடப்பவர்களைப் பார்த்தால் அந்தப் பொருளில் சொல்ல நா எழாது.

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தப் பாடம் வரும்போது 'தீமை' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதாதீர்கள். ஒரு மிதிவண்டியை வகுப்புக்குள் கொண்டுவந்து நிறுத்தி, எங்கே எண்ணெய் விடலாம், எங்கே விடவே கூடாது என்று பிள்ளைகளையே காட்டச் சொல்லுங்கள்.