400 கோடி கோடி ஆண்டுகள் ஆகும்னு சொன்ன பூட்டு... 17 வருஷத்துல திறந்தது எப்படி?

91 பகா எண்ணா? பலரும் டக்குனு 'ஆமாம்' என்பார்கள். இல்லை, அது 7 × 13. இரண்டு பகா எண்களைப் பெருக்குவது ஈஸி. விடையை மட்டும் கொடுத்து, 'எந்த இரண்டு எண்ணைப் பெருக்கினேன், சொல்லு' என்றால்தான் முழி பிதுங்கும். எண் பெரிதாகப் பெரிதாகக் கம்ப்யூட்டருக்கும் இதே கதிதான். ஆர்எஸ்ஏ என்ற டிஜிட்டல் பூட்டு இந்தச் சிரமத்தை நம்பித்தான் நிற்கிறது.

1977-ல் அந்தப் பூட்டை உருவாக்கியவர்கள் 129 இலக்க எண் ஒன்றைக் கொடுத்து, காரணிகளைக் கண்டுபிடித்து ரகசியச் செய்தியைப் படிப்பவருக்கு 100 டாலர் பரிசு என்றார்கள். 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் மார்ட்டின் கார்ட்னர் இதை எழுதினார். உடைக்க ஆகும் காலம் என்று அதில் சொல்லப்பட்டது 400 கோடி கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான்!

1994 ஏப்ரலில் உடைந்துவிட்டது. சுமார் 600 தன்னார்வலர்கள், 1,600 கம்ப்யூட்டர்கள், சில மாத உழைப்பு. 64 இலக்கத்தில் ஒன்று, 65 இலக்கத்தில் ஒன்று என இரண்டு பகா எண்கள் கிடைத்தன. உள்ளே இருந்த செய்தியோ, சம்பந்தமே இல்லாத இரண்டு வார்த்தைகளை 'மந்திரச் சொற்கள்' என்றது. அவ்வளவுதான்!

கம்ப்யூட்டர் வேகம் கூடியதால்தான் இது நடந்தது என்று நினைத்தால் பாதிதான் சரி. கணக்கு போடும் வழியே மாறிவிட்டது. 91-ஐ மறுபடி பாருங்கள்: 100 − 9. அதாவது 10² − 3². எனவே (10 − 3) × (10 + 3). இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிவிட்டால் காரணிகள் தானாக வந்து விழும். பள்ளியில் படித்த இதே சூத்திரத்தை ராட்சத எண்களுக்கு ஏற்ப வளர்த்து, 1981-ல் கார்ல் பொமரன்ஸ் 'குவாட்ராட்டிக் சீவ்' என்ற முறையைக் கொண்டுவந்தார். 1977-ல் போட்ட கணக்கில் இது இல்லவே இல்லை.

அதனால்தான் 'உங்க டேட்டாவை உடைக்கப் பல கோடி வருஷம் ஆகும்' என்று யாராவது சொன்னால் எனக்கு உறுத்துகிறது. 'இன்றைக்குத் தெரிந்த வழியில்' என்ற நிபந்தனையை அவர்கள் சொல்வதே இல்லை. இன்று பரவலாக உள்ள 617 இலக்க ஆர்எஸ்ஏ எண்ணை யாரும் உடைக்கவில்லை, உண்மைதான். ஆனால் அதே 1994-ல் பீட்டர் ஷோர், பெரிய குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தால் இதைச் சுலபமாக உடைக்கலாம் என்று காட்டிவிட்டார். இப்போது அதிகம் புழங்கும் எலிப்டிக் கர்வ் பூட்டுக்கும் அதே ஆபத்துதான்.

மெஷின் இன்னும் வரலையே என்று சும்மா இருக்க முடியாது. இன்று போகும் டேட்டாவைப் பிடித்துவைத்து, பிறகு திறக்கலாம். பாஸ்வேர்டை மாற்றலாம். கைரேகையையும் மெடிக்கல் ரிப்போர்ட்டையும் எப்படி மாத்துறது?

குவாண்டம் கம்ப்யூட்டரையும் தாங்கும் புதிய பூட்டுகளுக்கான தரநிலைகளை அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2024 ஆகஸ்டில் வெளியிட்டுவிட்டது. சிக்னலும் ஐமெசேஜும் அதற்கு முன்பே இந்தப் பாதையில் இறங்கிவிட்டன. வங்கிகளும் மருத்துவமனைகளும் எப்போது மாறப்போகின்றன என்று தேதி போட்டுச் சொல்ல வேண்டும். அடுத்த முறை 'உங்கள் தகவல் பாதுகாப்பாக உள்ளது' என்று மெசேஜ் வந்தால், 'எத்தனை வருஷத்துக்கு?' என்று கஸ்டமர் கேரில் கேட்டுப் பாருங்கள்.