ஒரு மாதத்துச் சக்கரம்

ஆப்பிரிக்காவில் சாம்பியாவுக்கும் தான்சானியாவுக்கும் எல்லையாக ஓடும் ஆற்றில் கலம்போ அருவி இருக்கிறது. அருவிக்கு மேலே ஆற்றங்கரையில் 2019இல் தோண்டியபோது, நீர் ஊறிய மணலுக்குள் இரண்டு கட்டைகள் கிடைத்தன, ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக. மேல்கட்டையின் அடியில் கல் கருவியால் ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருந்தது. கீழ்க்கட்டை அந்தப் பள்ளத்துக்குள் அடங்கி உட்கார்ந்திருந்தது. காலத்தைக் கணித்தார்கள். ஏறத்தாழ 4,76,000 ஆண்டுகள். ஹோமோ சேப்பியன்ஸ் என்று நாம் நம்மை அழைத்துக்கொள்ளும் இனமே அப்போது பிறந்திருக்கவில்லை.

2023இல் அந்த ஆய்வு நேச்சர் இதழில் வெளியானது. அன்றுமுதல் அந்தப் பள்ளம் என் மனத்தைவிட்டு அகலவில்லை. சனிக்கிழமை மாலைகளில் மொட்டைமாடியில் ஒரு முக்காலி செய்து பழகுகிறவர் முதலில் கற்கும் வேலையும் அதுதானே! ஒரு மரத்தில் இடம் வெட்டி, இன்னொரு மரத்தை அதில் ஆடாமல் உட்காரவைப்பது.

மரவேலையைப் பொழுதுபோக்காகத் தொடங்க நினைக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, எந்த இயந்திரம் வாங்கலாம் என்பது. கேள்வியில் தவறில்லை. ஆனால் இந்தக் கலையின் நீண்ட வரலாற்றைப் பார்த்தால், கேட்க வேண்டியது வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது. கருவிகள் எத்தனையோ வந்து போயிருக்கின்றன. மரம் மாறவில்லை. அதனால் மரத்தோடு கை கற்றுக்கொள்ள வேண்டியதும் மாறவில்லை. அது மிகச் சில வேலைகள்தான். அவற்றுக்கு வேண்டிய கருவிகள் ஒரு சிறிய பெட்டிக்குள் அடங்கும்.

ஜெர்மனியில் லைப்சிக் நகரைச் சுற்றி ஏழாயிரம் ஆண்டுப் பழமையான கிணறுகளைக் கண்டெடுத்திருக்கிறார்கள். அந்தப் பகுதியின் முதல் உழவர்கள் தோண்டியவை. சுவர்கள் ஓக் மரப் பலகை. உலோகம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம், கல் வாய்ச்சியும் எலும்பு உளியும்தான் ஆயுதம். ஆனால் பலகையில் துளை, துளைக்குள் நுழையும் கழுந்து, கழுந்து நழுவாதிருக்க ஆப்பு எல்லாம் இருக்கின்றன. எகிப்தில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில், சுமார் 3,450 ஆண்டுகளுக்கு முன், ஒரு தச்சுப் பட்டறையையே வரைந்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் கம்பத்தில் கட்டிய மரத்தை வாளால் அறுக்கிறார். ஒருவர் வில்லை முன்னும் பின்னும் இழுத்துத் துளை போடுகிறார். இன்னொருவர் வாய்ச்சியால் செதுக்குகிறார். அடுப்பில் பசைப் பானை காய்கிறது. அவர்களிடம் இல்லாதது இழைப்புளி ஒன்றுதான். அது ரோமானியர் காலத்தில் வந்துவிட்டது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரில் இழைப்புளிகள் கிடைத்திருக்கின்றன. அப்புறம் பெட்டிக்குள் புதிதாக என்ன சேர்ந்தது என்று தேடினால், கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அமெரிக்காவில் லெனார்ட் பெய்லி 1867இல் காப்புரிமை பெற்ற இரும்பு இழைப்புளி அவற்றில் ஒன்று. அலகைத் திருகு கொண்டு ஏற்றி இறக்கலாம். இன்று கடையில் நீங்கள் வாங்கும் இரும்பு இழைப்புளி ஏறக்குறைய அதே அமைப்புத்தான்.

நம் பக்கத்தில் பழைய சாட்சி ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. புறநானூற்றின் 87ஆம் பாட்டில் ஒளவையார் அதியமானின் பகைவர்களை எச்சரிக்கிறார். எங்களிடம் ஒரு வீரன் இருக்கிறான், அவன் எப்படிப்பட்டவன் தெரியுமா என்று சொல்லவந்தவர் புலியைச் சொல்லவில்லை, யானையைச் சொல்லவில்லை. ஒரே நாளில் எட்டுத் தேர் செய்துவிடக்கூடிய தச்சன் ஒருவன், ஒரு மாதம் முயன்று ஒரே ஒரு சக்கரத்தைச் செய்தால் அந்தச் சக்கரம் எப்படி இருக்கும், அப்படிப்பட்டவன் என்கிறார். வேகத்தை அறிந்தவர், நிதானத்தையும் அறிந்தவர். தச்சுப் பட்டறை வாசலில் நின்று பார்க்காதவருக்கு இந்த உவமை வந்திருக்காது.

ஒரு சக்கரத்துக்கு ஏன் ஒரு மாதம்? மாட்டுவண்டிச் சக்கரம் செய்பவரைக் கேட்டால் தெரியும். நடுவில் குடம், அதைச் சுற்றி ஆரக்கால்கள், விளிம்பில் வட்டை. குடத்தில் ஒவ்வொரு ஆரக்காலுக்கும் ஒரு துளை. எல்லாத் துளைகளும் ஒரே அளவு, ஒரே சாய்வு. ஒன்றில் நூலிழை பிசகினால் சக்கரம் நொண்டும். பள்ளம் மேடு ஏறி இறங்கும் பாரத்தைத் தாங்குவது ஆணியும் பசையும் அல்ல, அந்தப் பொருத்தம்தான்.

பொருத்தம் எங்கிருந்து தொடங்குகிறது? கோட்டிலிருந்து. பென்சில் கோட்டுக்குத் தடிமன் உண்டு. அதன் எந்த ஓரத்தில் வெட்டுவது என்ற குழப்பத்திலேயே அரை மில்லிமீட்டர் போய்விடும். கூரான கத்தியால் கீறிய கோட்டுக்குத் தடிமன் இல்லை. அந்தக் கீறலிலேயே உளியின் முனை போய்ப் பதிந்து நிற்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கழுந்தை வெட்டி முடித்த பின், அந்தக் கழுந்தையே மரத்தின்மேல் வைத்துத் துளையின் அளவைக் கீறிக்கொள்ளலாம். டேப்பை நீட்டி அளந்து, எண்ணை எழுதி, எண்ணைப் பார்த்து மறுபடி கோடு போடும்போது ஒவ்வொரு படியிலும் பிழை நுழைகிறது. மரத்தை மரத்தாலேயே அளந்தால் நுழையாது.

அடுத்தது கூர். இங்கேதான் பெரும்பாலானவர்கள் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள், நானும் ஒரு காலத்தில் விட்டேன். கடையில் வாங்கும் உளி பெரும்பாலும் வேலைக்குத் தயாராக வருவதில்லை. அதன் முதுகு கண்ணாடிபோல் தட்டையாக வேண்டும். சரிவை 25 பாகையில் சாணை பிடித்து, முனையை மட்டும் 30 பாகையில் கல்லில் தீட்ட வேண்டும். தீட்டும்போது மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும். விரலை வைத்தால் உறுத்தும். உளியைத் திருப்பி முதுகைக் கல்லில் படியவைத்து அந்தப் பிசிறை எடுத்தால், மென்மரத்தின் வெட்டுமுகத்தை நொறுக்காமல் வெண்ணெய்போல் சீவ வேண்டும். சீவினால் அது உளி. தேக்கில் வேலை செய்தால் இதை அடிக்கடி செய்ய நேரும். தேக்கு மரத்துக்குள் சிலிக்கா இருக்கிறது. மண்ணில் இருக்கும் அதே பொருள், முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். பழைய ஆசாரிகள் பையில் உளியோடு கல்லும் இருக்கும். காலை வேலை தொடங்கும் முன் கொஞ்ச நேரம் கல்லோடுதான் கழியும். மழுங்கிய உளிதான் கையைக் கிழிக்கும் உளி. அது மரத்தில் இறங்காது, நாம் பலத்தைக் கூட்டுவோம், அது வழுக்கும்.

மூன்றாவது, மரத்தை அறிவது. தொல்காப்பியத்தின் மரபியல் செடிகொடிகளைப் பிரிக்கும்போது, வைரம் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறது. உள்ளே வைரம் பாய்ந்தால் மரம், வெளியே இருந்தால் புல். பனையும் தென்னையும் அதனால்தான் அங்கே புல்லாகின்றன. இலக்கண நூலில் இப்படி ஒரு பாகுபாடு வந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், அதற்கு முன்னால் மரத்தை அறுத்துப் பார்த்த கைகள்தான் என் நினைவுக்கு வரும். பனஞ்சட்டத்தைத் தேர்ந்தெடுப்பவர் வெளிப்புறத்தைப் பார்க்கிறார். தேக்குச் சட்டத்தைத் தேர்ந்தெடுப்பவர் வெளிறு விலக்கி உள்மரத்தைப் பார்க்கிறார். இரண்டு அறிவும் ஒரே ஊரில் இருந்தன.

வெட்டிக் காயவைத்த பின்னும் மரம் சும்மா இருப்பதில்லை. ஐப்பசி மழையில் ஈரத்தைக் குடித்து விரிகிறது, சித்திரை வெயிலில் சுருங்குகிறது. நீளவாக்கில் இந்த அசைவு கண்ணுக்குத் தெரியாத அளவுதான். அகலத்தில்தான் எல்லாம். அதிலும் ஆண்டு வளையத்தைத் தழுவிப் போகும் திசையில், மையத்திலிருந்து வெளியே போகும் திசையைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. உங்கள் வீட்டுப் பழைய கதவை உற்றுப் பாருங்கள். சுற்றிலும் சட்டம், நடுவில் பலகை. அந்தப் பலகையைச் சட்டத்தோடு ஒட்டியிருக்க மாட்டார்கள். சட்டத்தின் உள்விளிம்பில் வெட்டிய காடிக்குள் அது சுதந்திரமாக நிற்கும். மழைக்கு விரியவும் வெயிலுக்குச் சுருங்கவும் அதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். செட்டிநாட்டில் பர்மாத் தேக்கில் செய்த கதவுகள் தலைமுறைகள் கடந்தும் நேராக நிற்பதற்கு மரத்தின் தரம் பாதிக் காரணம், அந்த இடைவெளி மீதிப் பாதி. புதிதாகப் பழகுகிறவர் அகலமான மேசைப் பலகையைச் சட்டத்தோடு பசைபோட்டு இறுக்கி ஒட்டிவிட்டு, ஆறு மாதத்தில் அது வெடித்ததும் மரம் சரியில்லை என்பார். மரம் தன் இயல்பைத்தான் செய்தது.

இவ்வளவு எளிய அறிவு எப்படி இத்தனை பேருக்கு எட்டாமல் போனது என்பதும் வரலாறுதான். ஐரோப்பாவில் கில்டு எனப்பட்ட கைவினைஞர் சங்கங்கள் தச்சு நுணுக்கங்களை உறுப்பினருக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தன. லண்டனில் ஜோசப் மாக்ஸன் என்ற அச்சகக்காரர் 1678இல் கொல்லுவேலையையும் தச்சுவேலையையும் விளக்கிச் சிறு சிறு பகுதிகளாக வெளியிட்டு, ஆர்வமுள்ள எவரும் வாங்கிப் படிக்கலாம் என்ற நிலையைக் கொண்டுவந்தார். இரண்டு நூற்றாண்டு கழித்து ஸ்வீடனில் நேஸ் என்ற இடத்தில் ஆட்டோ சாலமன், பள்ளி ஆசிரியர்களுக்கு மரவேலை கற்றுக்கொடுத்தார். ஸ்லாய்ட் என்று பெயர். பிள்ளைகளைத் தச்சர்களாக்குவது அவர் நோக்கமே அல்ல என்பதை அவர் வெளிப்படையாகச் சொன்னார். கையும் கண்ணும் பழகவேண்டும், செய்வதில் ஒழுங்கு வரவேண்டும், உழைப்பை மதிக்கவேண்டும் என்பதே நோக்கம்.

இங்கே பூட்டு வேறு. நம்மிடம் உளி பிறப்போடு கட்டப்பட்டிருந்தது. தச்சர் வீட்டுப் பிள்ளைக்கு அதைத் தவிர வேறு வழியில்லை, மற்ற வீட்டுப் பிள்ளைக்கு அது இல்லை. 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியில் தச்சுவேலையும் ஒரு பாடமாக இருந்தது. எந்தப் பிள்ளையும் கற்கலாம். ஆனால் 1953இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், பாதி நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்றது. குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. எதிர்த்தது நியாயம் என்பதே என் கருத்து. எதிர்க்கப்பட்டது உளி அல்ல, உளியைப் பிறப்போடு பிணைத்த கயிறு. அந்த வேறுபாட்டை நாம் பிறகு மறந்துவிட்டோம். கயிற்றோடு சேர்த்து உளியையும் பள்ளியிலிருந்து ஒதுக்கிவிட்டோம். இன்று ஒரு வங்கி ஊழியரோ கல்லூரி மாணவியோ தன் விருப்பத்தால் இழைப்புளியைக் கையில் எடுக்கும்போது, அந்தக் கயிறு கொஞ்சம் அறுகிறது. பொழுதுபோக்கு என்ற சொல்லை நான் குறைவாக நினைக்காததற்கு இதுதான் காரணம்.

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைப் பார்த்திருப்பீர்கள். 1930களின் பிற்பகுதியில் அதன் கட்டுமானத்தை நேரில் நின்று கவனித்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் நகாஷிமா, ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த இளம் கட்டடக் கலைஞர். ஆசிரமம் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயர் கொடுத்தது. அமெரிக்கா திரும்பிய அவரை, போர் வந்ததும், ஜப்பானிய வம்சத்தினர் என்ற ஒரே காரணத்துக்காக 1942இல் மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஐடஹோ மாநிலத்துப் பாலைவன முகாமில் அடைத்தார்கள். அங்கே கெண்டாரோ ஹிகோகாவா என்ற தச்சர் இருந்தார், ஜப்பானில் தொழில் பயின்றவர். முகாமில் கிடைத்த மிச்சம் மீதி மரத்தை வைத்து, ஜப்பானிய முறையில் கை ரம்பத்தையும் உளியையும் கையாள்வது எப்படி என்று நகாஷிமா அவரிடம் கற்றார். பட்டம் பெற்று, கட்டடங்கள் எழுப்பி, முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பின்! பிற்காலத்தில் உலகம் அறிந்த மேசைகளை அவர் செய்தார். பலகையில் விரிசல் இருந்தால் மறைக்காமல், வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் ஒரு கட்டையைக் குறுக்கே பதித்து அது மேலும் ஓடாமல் நிறுத்தினார். அந்தக் கட்டையை விரிசலின் இருபுறமும் இறுக்கமாகப் பதிக்க வேண்டியது கத்திக் கோடு, கூர்மையான உளி, நார் போகும் திசையைப் பற்றிய அறிவு. வேறு எதுவும் இல்லை.

மின்கருவிகளை நான் எதிர்க்கவில்லை. 1917இல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் துப்பாக்கிப் பிடிபோட்ட மின்துளைக் கருவிக்குக் காப்புரிமை பெற்றதிலிருந்து எத்தனையோ பேரின் முதுகுவலி குறைந்திருக்கிறது. வாங்குங்கள், ஆனால் இரண்டாம் ஆண்டில். வாங்கும்போது முகமூடியும் வாங்குங்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. முதலாண்டுக்குப் போதுமானவை இவை: 12 மில்லிமீட்டரிலும் 20 மில்லிமீட்டரிலும் இரண்டு உளி, ஒரு கொட்டாப்புளி, பல் நெருக்கமான ஒரு கை ரம்பம், ஒரு இழைப்புளி, மூலைமட்டம், கீறுகத்தி, மரத்தை இறுக்கிப் பிடிக்க இரண்டு கிளாம்ப், ஒரு சாணைக்கல். மரத்துக்குத் தேக்குக் கடைக்குப் போகாதீர்கள். பொருள் கட்டி வந்த பைன் பெட்டிகளை உடைத்தால் கிடைக்கும் பலகையே போதும், ஆணிகளைப் பிடுங்கிவிட்டு. ஒரு முக்காலி செய்யுங்கள். ஆடும். மறுபடி செய்யுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். படம் பார்த்துக் கற்கக்கூடியது பாதிதான். உங்கள் ஊரில், உங்கள் தெருவிலேயே, வேலை குறைந்துபோன வயதான ஆசாரி ஒருவர் இருப்பார். ஆயத்தக் கதவுகளும் பிளைவுட்டும் வந்த பின் அவரை அழைப்பவர் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் புது உளியை எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். ஐயா, இதைத் தீட்டக் கற்றுக்கொடுங்கள் என்று கேளுங்கள். அன்றைக்கு அவருடைய ஒரு நாள் கூலியை முழுதாகக் கொடுங்கள், அடுத்த ஞாயிறும் போங்கள்.