படையை அனுப்புகிறவர்கள் யாருக்குப் பதில் சொல்கிறார்கள்?

அமெரிக்க அதிபர் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசைக் கேட்காமல் போர் தொடுக்கலாமா என்று சங்கராபுரம் டீக்கடையில்கூடப் பேசுகிறார்கள். நல்லது தோழர்களே. அதே கேள்வியை டெல்லியிடம் கேட்டிருக்கிறோமா?

அங்கே போர் அறிவிக்கும் அதிகாரம் காங்கிரசுக்கு. படையை இறக்கினால் அதிபர் 48 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும், ஒப்புதல் இல்லாமல் 60 நாளுக்கு மேல் சண்டையைத் தொடரக்கூடாது என்கிறது 1973-ஆம் ஆண்டுச் சட்டம். அதிபர்கள் அதை மீறுகிறார்கள். ஆனாலும் மீறினார் என்று சொல்ல ஒரு சட்டமாவது இருக்கிறது. நம்மிடம் அதுவும் இல்லை.

அரசியலமைப்பின் 53-ஆவது பிரிவு முப்படைத் தலைமையைக் குடியரசுத் தலைவருக்குக் கொடுக்கிறது. 74-ஆவது பிரிவோ அமைச்சரவை சொல்கிறபடிதான் அவர் நடக்க வேண்டும் என்கிறது. ஆக, முடிவு பிரதமரும் சில அமைச்சர்களும் எடுப்பது. போர், ஒப்பந்தம் இரண்டைப் பற்றியும் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் முன் ஒப்புதலைக் கட்டாயமாக்கும் சட்டம் இன்றுவரை இல்லை.

நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியலமைப்பைத் திருத்த வேண்டும் என்று பெருபாரி விவகாரத்தில் 1960-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. 1974-ல் கச்சத்தீவு போனது. எல்லைத் தகராறைத் தீர்த்தோம் என்றார்கள், திருத்தமே வரவில்லை. 1987 ஜூலை 29-ல் ராஜீவ்–ஜெயவர்த்தனா ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் இல்லாமலே அமைதிப்படை போனது. அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள்ளேயே தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் உயிரோடு இல்லை.

பஞ்சமி நிலமும் கல்வராயன் மலையின் வன உரிமையும் தீராமல் கிடக்க, வெளியுறவு நமக்கெதற்கு என்று கேட்பவர்களுக்குப் பாபாசாகேப் 1951-லேயே பதில் சொல்லிவிட்டார். அமைச்சர் பதவியைத் துறந்தபோது, பட்டியல் சாதியினர் புறக்கணிக்கப்படுவதையும் வெளியுறவுக் கொள்கையையும் ஒரே அறிக்கையில் வைத்தார். 350 கோடி ரூபாய் வருவாயில் சுமார் 180 கோடி ராணுவத்துக்குப் போகிறது என்று கணக்குக் காட்டினார். நண்பர்களைச் சேர்க்காத கொள்கையின் செலவு அது என்றார். அந்தச் செலவைச் சுமப்பது யார் என்று நமக்குத் தெரியும்.

ரகசியம் காக்க வேண்டாமா என்பார்கள். படை கிளம்பும் நேரம் ரகசியமாகவே இருக்கட்டும். கிளம்பிய பிறகு குறித்த நாளுக்குள் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடக்கட்டும். ஒப்பந்தம் அமலுக்கு வரும் முன் அவையில் வைக்கப்படட்டும். இதற்குச் சட்டம் வேண்டும். ஓட்டுக் கேட்டு வரும் எம்.பி.யிடம் சாலை, தண்ணீரோடு இதையும் கேளுங்கள்.

ஜெய்பீம்!